நாலு பாயிண்ட் ஒண்ணும் அஞ்சு பொட்டும்

தன் கல்யாணப் பத்திரிகைக்குத் திருத்திய பதிப்பு வெளியிட்ட ஒரே மனிதர் இந்தப் பூமியில் எங்கள் பாயிண்ட்டு அண்ணன்தான். வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், நான் மொட்டை போட்டுக்கொள்கிறேன்.

முதல் பத்திரிகையைப் பாதி ஊருக்குக் கொடுத்து முடித்தபோதுதான் தெரிந்தது: பெண்ணின் படிப்பு விட்டுப்போயிருந்தது, ஒரு பெரியப்பாவின் பெயர் கடைசி வரிக்குப் போய், அவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். சாதாரண மனிதன் பேனாவால் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவான். இவர் மறுபடி அச்சடித்தார். மூலையில் '1.1' என்று போட்டார். பின்பக்கத்தில் 'மாற்றங்கள்' என்று தலைப்பு வைத்து எழுதினார்: 'மணமகளின் பட்டம் சேர்க்கப்பட்டது. பெரியப்பா மேலே நகர்த்தப்பட்டார். மணமகனில் மாற்றம் இல்லை.'

அந்தக் கடைசி வரி இன்று வரைக்கும் உண்மை என்று அண்ணி, அதாவது அந்த மணமகள், சத்தியம் செய்வார்.

அதோடும் விடவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், பழைய பத்திரிகையைக் கையில் வாங்கிக்கொண்டுதான் புதுசைக் கொடுத்தார். "ரெண்டு வெர்ஷன் ஒரே ஊர்ல சுத்தக்கூடாது" என்பது அவருடைய கொள்கை. மனிதர்களுக்குத் தெய்வ பக்தி இருக்கும், கட்சிப் பற்று இருக்கும். இவருக்கு இருந்தது அது ஒன்றுதான்.

வில்லியனூர் கடைத்தெருவில் அவர்கள் குடும்பத்துக்குப் பைப்பு, மோட்டார் சாமான் விற்கிற கடை. கல்லாவில் இவர் உட்கார்ந்த நாளிலிருந்து வியாபாரம் படுத்துவிட்டது. ஒருவர் வந்து சுவிட்ச் கேட்டால், எதற்கு, மோட்டார் என்ன செய்கிறது, நீங்கள் என்ன செய்தீர்கள் என்று விசாரித்து, "சுவிட்ச்ல கோளாறு இல்லைங்க, வூட்டுக்குப் போங்க" என்று அனுப்பிவிடுவார். கடைக்கு வந்தவனை வெறுங்கையோடு அனுப்பத்தான் கடை போட்டோமா என்று அவருடைய அப்பா உள்ளே இருந்து புலம்புவது தெருமுனை வரைக்கும் கேட்கும்.

நான் எப்படி அந்தக் கடைக்குப் போய்ச் சேர்ந்தேன் என்று கேட்கிறீர்களா? நான் படித்தது இசிஇ. ஆகவே வேலை கிடைக்கவில்லை. அப்பாவின் மோட்டாருக்கு ஏதோ சாமான் வாங்கப் போனவளிடம், "டைப்பிங் தெரியுமா? அப்ப உள்ள வா" என்றார். அவ்வளவுதான் இன்டர்வியூ.

உள்ளே இருந்ததுதான் அவருடைய உயிர். 'மோட்டார் ஓடலன்னா' என்று ஒரு கையேடு. போர் மோட்டார் நின்றுபோனால் விவசாயி தானே என்னென்ன பார்க்கலாம், எதைத் தொடவே கூடாது என்று சொல்கிற டாக்குமென்ட். லிங்க் வைத்திருக்கிற யார் வேண்டுமானாலும் போனிலேயே திருத்தலாம். வில்லியனூரிலிருந்து பாகூர் வரைக்கும் எலக்ட்ரீஷியன்கள், பாலிடெக்னிக் பசங்கள், கரும்பு போடுகிறவர்கள், நெல் போடுகிறவர்கள் எல்லாரும் அதில் எழுதுவார்கள், அடிப்பார்கள், அடித்தவனைத் திட்டி எழுதுவார்கள். அந்தக் கலவரத்திலிருந்து அவ்வப்போது ஒன்றைச் சலித்து எடுத்து, எண் போட்டு, ஒரே ஒரு தாளாகச் சுருக்கி, லேமினேஷன் போட்டு, கொட்டகை கொட்டகையாகப் போய் மோட்டார் பெட்டியில் ஒட்டுவது அண்ணனின் வேலை. மூணு பாயிண்ட் ரெண்டு, மூணு பாயிண்ட் மூணு என்று வாயைத் திறந்தாலே இதே பேச்சு. பாயிண்ட்டு என்கிற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. தாளின் அடியில் 'வெளியிட்டவர்: பாயிண்ட்டு' என்றே அவரும் போட்டுக்கொள்வார்.

பழைய தாளை உரிப்பதற்கு வண்டிப் பெட்டியில் எப்போதும் ஒரு பிளேடும், ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெயும் இருக்கும். எண்ணெய் தடவினால் பசை இளகும். அவர் பக்கத்தில் நின்றால் மோட்டார் மெக்கானிக் வாசனை வராது. தலைக்குக் குளிக்கப் போகிறவர் வாசனைதான் வரும்.

வெளியீட்டுக்கு முந்தின சனிக்கிழமை 'கை நாள்'. அன்றைக்கு, திருத்தம் செய்த ஒவ்வொருவரும் கடைக்குப் பின்னால் வந்தாக வேண்டும். அங்கே ஒரு தொட்டியில் பழைய மோட்டார், பக்கத்தில் பெட்டி, நிஜ கரண்ட். அண்ணி தாளைப் படிப்பார். எழுதினவர், எழுதியதை மட்டும், தன் கையாலேயே செய்ய வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. 'எழுதினவங்க கைதான் மொதல்ல' என்பது சட்டம்.

மணி என்று ஒரு எலக்ட்ரீஷியன், செம தில்லான ஆள். 'கரண்ட் வருகிறதா என்று விரல் நுனியால் லேசாகத் தொட்டுப் பார்க்கவும்' என்று எழுதிவைத்திருந்தார். இதையெல்லாம் முதலிலேயே அடித்துவிடலாமே என்றேன். வேண்டாம், வரட்டும் என்றார் அண்ணன். கை நாளன்று அண்ணி செய்தி வாசிக்கிற குரலில் அந்த வரியை நிறுத்தி நிதானமாகப் படித்தார். மணி ஒயரைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். பிறகு பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து, நின்ற இடத்திலேயே அந்த வரியை அடித்துவிட்டு, "பொதுவா சொன்னேன்பா" என்று போய் உட்கார்ந்துகொண்டார்.

எனக்கும் நடந்தது. 'மூடியைக் கழற்றவும்' என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். மூடியில் ஸ்க்ரூ. ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக்கொள்ளச் சொல்லி எந்த வரியும் இல்லை. ஆகவே கொடுக்க மாட்டார்கள். நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றேன். அண்ணி அடுத்த வரியைப் படிக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அந்த வரியையே எடுத்துவிட்டோம், நகமும் போய்விட்டது.

வீட்டிலும் இதே கூத்துதான். குழந்தைக்குப் பெயர் வைக்கும் முன், தெருமுனையில் நண்பனை நிறுத்தி, வாசலிலிருந்து அந்தப் பெயரைக் கத்திக் கூப்பிட்டு, அந்த முனைக்குக் கேட்கிறதா என்று சோதித்தார். முதல் பெயர் கேட்கவில்லை. இரண்டாவது பெயருக்கு வேறு வீட்டுக் குழந்தை ஓடிவந்தது. மூன்றாவது பெயர்தான் இப்போது பள்ளிக்கூடம் போகிறது.

இப்படியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் நாலு பாயிண்ட் ஜீரோ வந்தது.

அதுவரைக்கும் தாளைப் பெட்டிக்கு உள்ளே, கதவின் பின்புறம் ஒட்டுவோம். உள்ளே குளவி கூடு கட்டுகிறது, திறந்தால் கொட்டுகிறது, அதனால் ஒருத்தரும் திறப்பதில்லை என்று பல பேர் டாக்குமென்டில் எழுதியிருந்தார்கள். சரி என்று வெளியே கொண்டுவந்தார். கதவின் நட்டநடுவில், பெரிய எழுத்தில், மூன்றே மூன்று படி. ஒன்று: மெயினை ஆஃப் செய். இரண்டு: மேலே மூன்று விளக்கும் எரிகிறதா பார் (லைனிலிருந்து நேராக வருவதால் மெயின் ஆஃப் ஆனாலும் எரியும்), ஒன்று அணைந்திருந்தாலும் பச்சைப் பட்டனைத் தொடாதே. மூன்று: ஐந்து நிமிடம் கழித்து மெயினை ஆன் செய்து பச்சையை அழுத்து. அழகான தாள். கை நாளில் ஒரு குறை இல்லை. ஊர் ஊராக ஒட்டி முடித்தோம். அந்த வாரமே ஆயுத பூஜை.

இப்போது எங்கள் வயலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாகூர் பக்கம் எங்களுக்கு இருப்பது ஒரு நிலம், ஒரு போர், ஒரு மோட்டார். முந்தின போகமான சொர்ணவாரியில் மோட்டாரின் கம்பிச் சுற்று, அதாவது காயில், எரிந்துபோனது. மோட்டாரை மேலே தூக்கி, காயிலை மறுபடி கட்டி, திரும்ப இறக்குவதற்குள் பயிர் மாடு மேயத்தான் ஆயிற்று. அப்பா அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்காமல் நடப்பார். இப்போது சம்பா நட்டிருந்தார். நாற்று இன்னும் வேர் பிடிக்கவில்லை. ஐப்பசி பிறந்தும் மழை இல்லை. மோட்டார் மட்டும்தான் துணை. இன்னொரு தடவை காயில் போனால் இந்தப் போகமும் போச்சு. மூன்று லைன் கரண்டில் ஒரு லைன், அதாவது ஒரு பேஸ் போனால் மோட்டாரைத் தானாக நிறுத்துகிற கருவி எங்கள் பெட்டியில் இருந்தது. எலி ஒயரைக் கடித்ததிலிருந்து பேருக்குத்தான் இருந்தது.

பூஜை முடிந்து சில நாள் கழித்து ஒரு காலை, நான் கடையில் இருக்கும்போது அப்பா போன் செய்தார். கொட்டகையிலிருந்து பேசுகிறார். மோட்டார் உம்மென்று உறுமுகிறதாம், ஓட மாட்டேன் என்கிறதாம், தாளில் இருப்பதைத்தான் செய்கிறாராம், மறுபடி பச்சையை அழுத்தப் போகிறாராம். நான் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அண்ணன் போனை என் கையிலிருந்து பிடுங்கிவிட்டார்.

"ஐயா, பட்டன்லேர்ந்து கைய எடுங்க. மெயின ஆஃப் பண்ணுங்க. பண்ணிட்டீங்களா? இப்ப தாள்ல இன்னா இருக்குதோ அத படிங்க."

"ஒண்ணு, மெயின ஆஃப் பண்ணு. மூணு, அஞ்சி நிமிசம் கழிச்சி பச்சைய அமுத்து."

"ரெண்டு?"

"ரெண்டு இல்லப்பா."

"நல்லா பாருங்க. நடுவுல இருக்கும்."

"நடுவுல பொட்டு இருக்குது."

அண்ணன் மேஜையில் கிடந்த தாளின் நடுவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஆயுத பூஜைக்குப் பெட்டிக்குப் பொட்டு வைக்காமல் இருப்பார்களா? கதவின் நாலு மூலையிலும் ஒவ்வொன்று, நட்டநடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம், அதன்மேல் குங்குமம். நட்டநடுவில்தானே இரண்டாம் படி இருக்கிறது.

இரண்டாம் படியை அவர் வாயாலேயே சொல்லி, விளக்கைப் பார்க்கச் சொன்னார். நீலம் எரியவில்லை என்றார் அப்பா. ஒரு பேஸ் வரவில்லை. பேஸ் இல்லாமல் உறுமவிட்டால் காயில் வேகும். ஏற்கெனவே வெந்துவிட்டதா, பிழைத்ததா, பேஸ் திரும்ப வந்து ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். லேசாகத் தீய்ந்த வாடை வருகிறது என்று அப்பா மெதுவாகச் சொன்னார். அந்தக் குரலை நான் சொர்ணவாரியில்தான் கேட்டிருந்தேன்.

பொட்டை அழித்துவிட்டால் தீர்ந்தது, குரூப்பில் ஒரு மெசேஜ் தட்டலாம் என்றேன். பூஜைக்கு வைத்த பொட்டை அடுத்த பூஜை வரைக்கும் யாராவது அழிப்பார்களா என்று அப்பா போனுக்குள்ளிருந்தே என்னைத் திட்டினார். மெசேஜையும் அண்ணன் போட்டார். குட் மார்னிங் ரோஜாப் பூக்களுக்கு நடுவில் அது எங்கேயோ புதைந்துபோனது. பிறகு வெறும் தாள்கள், மார்க்கர், பிளேடு, எண்ணெய் பாட்டில் எல்லாவற்றையும் அள்ளிப்போட்டு, "வா, உங்க கொட்டாய்க்குப் போலாம். நாலு பாயிண்ட் ஒண்ணு அங்கதான்" என்று வண்டியைக் கிளப்பினார்.

நாங்கள் போனபோது அப்பா வரப்பில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா கொட்டகை வாசலில் நின்றார். லைன்மேனுக்குச் சொல்லியாகிவிட்டது, மத்தியானத்துக்குள் வருகிறாராம். நாற்றுக்கு அடியில் மண் வெள்ளையாகக் காய ஆரம்பித்திருந்தது.

அண்ணன் நடுவில் காலி இடம் விட்டு, படிகளை மேலும் கீழுமாக எழுதி, தாளை அம்மாவிடம் நீட்டினார்.

"அம்மா, இது புதுசா ஒட்டப் போற தாளு. இதுக்குப் பொட்டு வைங்க."

அம்மா அவரை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு வீட்டுக்குப் போய்ச் சந்தனம் குழைத்துக் கொண்டுவந்தார். நடுவில், விட்டிருந்த இடத்தில் கச்சிதமாக ஒன்று வைத்தார். அண்ணன் முகம் மலர்ந்தது. அம்மா மறுபடி விரலைத் தோய்த்து, நாலு மூலையிலும் வைத்தார். மேல் மூலையில் முதல் படி காலி. கீழ் மூலையில் பதிப்பு எண் காலி.

"எப்பவும் அஞ்சாம்மா?"

"அஞ்சிதான் தம்பி. அன்னைக்கிப் பெட்டிக்கி வச்சன், இன்னைக்கித் தாளுக்கு வெக்கிறன். நடுவுல மட்டும் வச்சா வெறிச்சுனு இருக்கும்ல?"

வேறு யாராக இருந்தாலும் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். இவர் லாட்டரி அடித்தவர் மாதிரி சிரித்தார். அடுத்த தாளில் ஐந்து வட்டம் வரைந்து, இடையிடையே படிகளை எழுதினார். அம்மா ஐந்து வட்டத்திலும் வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். மூன்று படியும் முழுசாகத் தெரிந்தன. "அளவா போட்டுருக்க தம்பி" என்று சர்டிபிகேட் கொடுத்தார். பழைய தாளை எண்ணெய் தடவி உரித்தார் அண்ணன். அதில் பொட்டு இருப்பதால் கால் படக்கூடாது என்று அம்மா வாங்கித் தென்னை அடியில் வைத்தார். புதுசை ஒட்டினோம்.

ஒட்டி முடித்ததுமே, மத்தியானம், நீல விளக்கு எரிந்தது.

அப்பா எழுந்து ஓடிவந்து பெட்டி முன்னால் நின்றார். அண்ணன் குறுக்கே கையை நீட்டினார். இந்தத் திருத்தம் அம்மாவுடையது, ஆகவே அம்மாதான் செய்ய வேண்டும் என்றார். அப்பாவுக்கு வந்ததே கோபம்.

"அவளுக்கு இன்னாபா தெரியும்? ஒரு நாளு இத தொட்டதில்ல."

"அதாங்க வேணும். எழுதினவங்க கைதான் மொதல்ல."

அண்ணி இல்லாததால் நான் படித்தேன். மெயினை ஆஃப் செய். ஏற்கெனவே ஆஃபில் இருந்த கைப்பிடியைப் பிடித்து அழுத்திப் பார்த்தார். மூன்று விளக்கும் எரிகிறதா பார். ஒவ்வொன்றாகக் கையைக் காட்டிப் பார்த்தார். ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தில் அப்பா கொட்டகையை எத்தனை சுற்று சுற்றினார் என்று எண்ணவில்லை. மெயினை ஆன் செய்து பச்சையை அழுத்து என்று படித்தேன். அம்மா மெயினுக்குக் கையைக் கொண்டுபோய், நிறுத்தினார்.

"கை ஈரமா இருக்குதே, தொடலாமா?"

சந்தனம். விரலிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் ஈரம். தாளில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முதல் படியை அந்த ஈரக் கையாலேயே செய்திருக்கிறார், நாங்கள் ஒருவரும் கவனிக்கவில்லை. பொட்டு வைத்த கையோடு பட்டனை அழுத்தப் போகிற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எனக்குக் கண்ணுக்குத் தெரிந்தார்கள்.

அண்ணன் மார்க்கர் மூடியைக் கழற்றினார்.

"இப்ப எழுதியே ஆவணுமா?" என்றார் அப்பா. அழுகைக்கும் அடிதடிக்கும் நடுவில் இருந்தது அந்தக் குரல்.

எழுதினார். மேலே, முதல் படிக்கும் முன்னால்: 'கையைத் துடைத்துக்கொள். ஈரக் கை ஆகாது.' எழுதிவிட்டு, முதலிலிருந்து படிக்கச் சொன்னார். முதலிலிருந்தே. அம்மா முந்தானையில் கையை அழுத்தித் துடைத்துக்கொண்டார். மெயின். விளக்கு. மறுபடி ஐந்து நிமிடம். பிறகு அம்மா கண்ணை மூடிக்கொண்டு பச்சையை அழுத்தினார்.

உம்மென்றது. அப்புறம் பூமிக்குள் ஏதோ பிடித்துக்கொண்டது போலச் சத்தம் மாறியது. பைப்பு இருமியது, காற்றாகத் துப்பியது, கலங்கலாகக் கொஞ்சம், பிறகு முழுசாகத் தண்ணீர். அப்பா போய் வாய்க்காலில் காலை வைத்துக்கொண்டு நின்றார். தண்ணீர் கணுக்காலைத் தாண்டிப் போகிற வரைக்கும் நின்றார். திரும்பி வந்து, "சாப்ட்டுட்டுத்தான் போவணும்" என்று அண்ணனிடம் சொன்னார். எங்கள் அப்பா மொழியில் அது பெரிய வார்த்தை.

அண்ணன் சாப்பிட்டார். சாப்பிடும்போது குழம்பில் என்ன மாற்றம் என்று அம்மாவிடம் கேட்டார். அவ்வளவு நாள் அண்ணியிடம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது.

மழை வருவதற்குள் எல்லாக் கொட்டகையிலும் புதுத் தாள் ஏறியது. நானும் மணியும் பாதிப் பெட்டிகளுக்கு எண்ணெய் தடவி உரித்தோம். நாலு பாயிண்ட் ஒண்ணின் மாற்றங்கள் இரண்டே வரி: 'பொட்டு வைக்க ஐந்து இடம் ஒதுக்கப்பட்டது. கையைத் துடைக்கும் படி சேர்க்கப்பட்டது.' எதிரில், திருத்தியவர் என்ற இடத்தில் எங்கள் அம்மாவின் பெயர். அம்மா டைப் செய்ததே கிடையாது. தன் பெயரை அச்சில் பார்த்ததும் அன்றைக்குத்தான். அந்தத் தாளைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்து, அதற்கும் ஐந்து பொட்டு வைத்துவிட்டார்.

சம்பா வீட்டுக்கு வந்தது. புது நெல்லில் முதல் மூட்டை அரிசி வில்லியனூர் கடைக்குப் போனது. அதைப் பார்த்த பெரியவர், அதாவது அண்ணனின் அப்பா, கடை ஆரம்பித்ததிலிருந்து இவனால் உள்ளே வந்த ஒரே சரக்கு இதுதான் என்றாராம்.

இப்போது நான் சென்னையில் ஒரு கம்பெனியில் இதே வேலையைத்தான் செய்கிறேன். டாக்குமென்ட் எழுதுவது, எண் போடுவது, வெளியிடுவது. இன்டர்வியூவில் அனுபவம் கேட்டார்கள். கை நாளைப் பற்றிச் சொன்னேன். சிரித்துவிட்டு வேலை கொடுத்தார்கள்.

இந்த ஆயுத பூஜைக்கு ஊருக்குப் போயிருந்தேன். அம்மா பெட்டிக்குப் பொட்டு வைத்தார். ஐந்து வட்டத்திலும் வைத்த பிறகு விரலில் கொஞ்சம் சந்தனம் மிச்சம் இருந்தது. ஒரு நொடி தாளைப் பார்த்தார். பிறகு அடியில், 'வெளியிட்டவர்' என்ற இடத்தில் இருந்த பெயர் மேல் ஆறாவதாக ஒன்று வைத்து, குங்குமமும் வைத்தார். பாயிண்ட்டு மறைந்துபோனார்.

பழக்க தோஷம், போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். 'பிழை: ஆறாவது பொட்டு வெளியிட்டவர் பெயரை மறைக்கிறது. அடுத்த பதிப்பில் இடம் ஒதுக்கவும்.'

இப்படி ஒன்றை அனுப்பினால் பல் தேய்த்துக்கொண்டே பதில் போடுகிற ஆள். அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் ஒன்றும் வரவில்லை. அப்புறம் வந்தது.

"அது அப்டியே இருக்கட்டும்மா. மாத்தாத."

அவருக்குத் தெரிந்து, அவர் திருத்தாமல் விட்ட பிழை அது ஒன்றுதான்.